60ல ஓடுற ஐபோன், 120ல ஓடுற ஆண்ட்ராய்டைவிட ஸ்மூத்தா தெரியுதே, ஏன்?

#1 தாழங்குடா_அலை

தலைப்புல இருக்கறதுதான் கேள்வி. ஒரு பக்கம் ஐபோன் 13. 60 ஹெர்ட்ஸ் திரை (செகண்டுக்கு 60 தடவை படம் மாறும்), 4 ஜிபி ராம். இன்னொரு பக்கம் 16,000 ரூபாய் ஆண்ட்ராய்டு. 120 ஹெர்ட்ஸ், 8 ஜிபி ராம், பெட்டி மேல பெரிய எழுத்துல எட்டு கோர் (சிப்புக்குள்ள வேலை செய்யற மூளைங்க). பெட்டியில இருக்கற எண்ணெல்லாம் ஆண்ட்ராய்டு பக்கம்தான் ஜெயிக்குது. ஆனா ஒரே செய்தி ஆப்பை ரெண்டுலயும் திறந்து விரலால தள்ளிப் பாருங்க. ஐபோன் ஒரே சீரா போகுது. ஆண்ட்ராய்டு வழுக்கிட்டுப் போயி, நடுவுல ஒரு திக்கு, மறுபடி வழுக்கல், இன்னொரு திக்கு. பெஞ்ச்மார்க் ஸ்கோரைப் பார்த்தா இது எதுவும் தெரியல.

"ஆப்பிள்னா ஆப்பிள்தான்", "கஸ்டம் ரோம் (வெளி ஆள் செஞ்ச ஆண்ட்ராய்டு) அடிச்சு விடு" இந்த ரெண்டு பதிலும் வேண்டாம். எதை அளக்கணும், எப்படி அளக்கணும், கோளாறு எங்க உக்காந்திருக்கு, அதைச் சொல்லுங்க.

#2 லாஸ்பேட்டை_கோடர்

முதல்ல கணக்கு. 60 ஹெர்ட்ஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரையில வர்ற ஒரு படத்துக்கு, 16.67 மில்லி செகண்ட். 90க்கு 11.11. 120க்கு 8.33. விரல் எங்க இருக்குன்னு பார்த்து, லேஅவுட் போட்டு, வரைஞ்சு, ஜிபியு (படம் வரையற சிப்) கையில கொடுத்து முடிக்க ஆப்புக்கு இருக்கற அவகாசம் அவ்வளவுதான்.

120ல 9 மில்லி செகண்ட் ஆயிடுச்சுன்னா 0.67 தானே லேட்டுன்னு தோணும். அப்படி இல்ல. பாண்டி பஸ் கிளம்பி ஒரு நிமிஷம் கழிச்சு ஸ்டாண்டுக்கு வந்தா ஒரு நிமிஷமா நிக்கறோம்? அடுத்த பஸ் வரைக்கும் நிக்கறோம். திரையும் அடுத்த துடிப்பு வரைக்கும் பழைய படத்தையே காட்டும். 8.33க்கு மாறவேண்டிய படம் 16.67 நிக்கும்.

அதனால 60ல சீரா 16.67, 16.67னு வர்ற போன் கண்ணுக்கு நிம்மதி. 120ல 8, 8, 17, 8, 25, 8னு வந்தா சராசரி நல்லா இருக்கும், பார்க்க உறுத்தும். ஸ்மூத்துங்கறது வேகம் இல்ல, தாளம். தாளம் தப்பற இடத்தைத்தான் தேடணும்.

ஆண்ட்ராய்டு இதுக்குப் பாடுபடலன்னு இல்ல. 2012ல 4.1 ஜெல்லி பீன்ல ப்ராஜெக்ட் பட்டர்னு வந்து, எல்லாத்தையும் திரையோட துடிப்புக்குக் கட்டிப்போட்டாங்க, மூணாவது பஃபரும் (வரைஞ்ச ஃப்ரேமை வச்சிருக்கற இடம்) கொடுத்தாங்க. ஒரு ஃப்ரேமைக் கையிருப்பா வச்சுக்கிட்டா சின்னத் தாமதம் வெளியே தெரியாது. விலை என்னன்னா, விரலுக்கும் படத்துக்கும் நடுவுல இடைவெளி ஒரு ஃப்ரேம் கூடும்.

#3 மஞ்சக்குப்பம்_607001

இவ்ளோ எதுக்கு ப்ரோ. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் உள்ள போய் மூணு அனிமேஷன் ஸ்கேலையும் 0.5 வைங்க. போன் பறக்கும்.

#4 லாஸ்பேட்டை_கோடர்

பறக்கற மாதிரி தெரியும் ப்ரோ. 300 மில்லி செகண்ட் அனிமேஷன் 120ல 36 ஃப்ரேம். பாதியாக்கினா 18. ஆப் தயாராகற நேரத்துல ஒரு மில்லி செகண்ட்கூடக் குறையல. ஏற்கெனவே மெமரியில நிக்கற ஆப்புக்கு மாறும்போது லாபம் உண்டு, ஒத்துக்கறேன். புதுசா எழுந்து வர்ற ஆப்பா இருந்தா அனிமேஷன் சீக்கிரம் முடிஞ்சு வெறும் லோகோவை இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பார்ப்பீங்க.

ஸ்க்ரோலுக்கு அந்த செட்டிங்கால ஒரு பைசா பிரயோஜனம் இல்ல. அது வேற கணக்குல ஓடுது. 0 வச்சுடாதீங்க, சில ஆப்புல சுத்தற வட்டம் அப்படியே நின்னுடும், லோடு ஆகுதா செத்துடுச்சான்னு தெரியாது.

#5 உப்பளம்_துறை

ஸ்க்ரோல் பற்றி ஒன்று சேர்க்கிறேன். இரண்டு ஓஎஸ்ஸிலும் விரலை எடுத்தபின் பட்டியல் எப்படி ஓய்கிறது என்பதே வேறு. ஐஓஎஸ்ஸில் சாதாரண ஸ்க்ரோலின் தணிவு எண் 0.998, ஒவ்வொரு மில்லி செகண்டுக்கும் வேகம் அந்த அளவால் பெருக்கப்படும். 1,000 மில்லி செகண்டில் தொடக்க வேகத்தில் ஏறக்குறைய 13.5 சதவீதம் மீதமிருக்கும். அதனால் நீண்டு, மெல்ல அடங்கும். வேகமாக அடங்கும் வகைக்கு 0.99, அது ஒரு நொடிக்குள் முழுக்க நின்றுவிடும்.

ஆண்ட்ராய்டு உராய்வு எண் 0.015 வைத்து, முன்கூட்டியே வகுத்த ஒரு வளைவில் ஓட்டுகிறது. முதலில் விறுவிறு, கடைசியில் சட்டென்று பிடிப்பு. இது மோசம் இல்லை, பழக்கம். ஆனால் ஐபோனில் பழகிய விரலுக்கு ஆண்ட்ராய்டு "ஒட்டுவது" போலத் தோன்றுவதில் பாதி இந்த வளைவுதான், லேக் இல்லை.

இன்னொன்று, தொட்டவுடன் ஸ்க்ரோல் தொடங்காது. ஆண்ட்ராய்டில் விரல் 8 டிபி (ஒரு டிபி என்பது அங்குலத்தில் 160ல் ஒரு பங்கு) நகர்ந்த பிறகுதான் இது தட்டல் அல்ல, தள்ளல் என்று முடிவாகும். கணக்குப்படி 1.27 மில்லிமீட்டர். மெதுவாகத் தள்ளும் விரலுக்கு அந்த ஒன்றேகால் மில்லிமீட்டர் தாமதமாகவே தெரியும். அதையும் ஓஎஸ் மந்தம் என்று எழுதிவிடுகிறார்கள்.

#6 தாழங்குடா_அலை

அருமை. அப்போ கண்ணை நம்பாம எப்படி அளக்கறது? கருவி வாங்கற அளவுக்கு இல்லாம.

#7 வில்லியனூர்_பெஞ்ச்

மூணாவது போன் ஒண்ணு இருந்தா போதும். ஸ்லோமோஷன்ல 240 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 240 ஃப்ரேம்) எடுக்கணும். ஒரு கேமரா ஃப்ரேம் 4.17 மில்லி செகண்ட், அதுதான் நம்ம அளவுகோல்.

பகல்ல, நிழல்ல எடுங்க. டியூப்லைட் அடியில எடுத்தா நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு வெளிச்சம் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும், வீடியோ முழுக்க பட்டை பட்டையா ஓடும், ஒண்ணையும் எண்ண முடியாது. போனை மேஜையில படுக்க வச்சு, கேமராவை ரெண்டு புத்தக அடுக்குக்கு நடுவுல மேலிருந்து பார்க்கற மாதிரி வைங்க. ரெண்டு போன்லயும் பிரைட்னஸ் ஒரே அளவு, பேட்டரி சேவர் ஆஃப். வைஃபை ஆஃப் பண்ணி ஏற்கெனவே லோடு ஆன பக்கத்துல தள்ளுங்க, இல்லன்னா நெட் தாமதத்தையும் சேர்த்து அளந்துடுவீங்க.

வீடியோவைக் கம்ப்யூட்டர்ல விஎல்சியில போட்டு, கீபோர்டுல "இ" பட்டனைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃப்ரேமா நகரும். தாமதம் பார்க்க, விரல் நகரத் தொடங்கின ஃப்ரேமையும் படம் முதல்ல நகர்ந்த ஃப்ரேமையும் குறிங்க. உதாரணத்துக்கு 112ல விரல், 134ல படம்னா 22 ஃப்ரேம், 22 பெருக்கல் 4.17, சுமார் 92 மில்லி செகண்ட். ஒரு தடவை எடுத்து சண்டைக்கு வராதீங்க. பத்து தடவை எடுத்து நடு எண்ணை வைங்க.

திக்கல் பார்க்கறதுதான் சுவாரசியம். ஓடுற பட்டியல்ல ஒரு தலைப்பு வரியோட மேல் விளிம்பை மட்டும் பாருங்க. 60 ஹெர்ட்ஸ் திரையில ஒவ்வொரு படமும் 4 கேமரா ஃப்ரேம் நிக்கணும். 120ல 2. பேப்பர்ல எழுதிக்கிட்டே வாங்க: 2, 2, 2, 4, 2, 2, 6, 2. அந்த 4ல ஒரு ஃப்ரேம் போச்சு, 6ல ரெண்டு போச்சு. ஐபோன்ல 4, 4, 4, 4, 4னு வந்தா தலைப்புக்கு பதில் கிடைச்சாச்சு. நடுவுல ஒரு 3 அல்லது 5 வந்தா பயப்படாதீங்க, கேமராவும் திரையும் ஒரே நேரத்துல துடிக்கறதில்ல.

சில விலை குறைஞ்ச போன்ல 240னு போட்டிருக்கும், உள்ள 120தான் எடுத்து நடுவுல செயற்கையா ஃப்ரேம் செருகும். அதை வச்சு அளந்தா எல்லா போனும் ஒரே மாதிரி அழகா வரும்.

#8 லாஸ்பேட்டை_கோடர்

வில்லியனூர் அண்ணன் சொன்னது ரெண்டு ஓஎஸ்ஸுக்கும் பொது. ஆண்ட்ராய்டுக்கு மட்டும்னா உள்ளேயே கணக்குப்பிள்ளை இருக்கான். அபவுட் போன்ல பில்ட் நம்பரை 7 தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணி கம்ப்யூட்டர்ல சொருகுங்க. ஏடிபினு ஒரு கருவி, கம்ப்யூட்டர்ல இருந்து போனுக்குக் கட்டளை அனுப்பறது, அதுல இதை அடிங்க: ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் ஜிஎஃப்எக்ஸ்இன்ஃபோ, அதுக்கு அப்புறம் ஆப்போட பேக்கேஜ் பெயர், கடைசியில ரீசெட். (டெர்மினல்ல ஆங்கிலத்துல, எல்லாம் சின்ன எழுத்து.) இப்போ 15 செகண்ட் ஒரே வேகத்துல தள்ளுங்க. ரீசெட்டை எடுத்துட்டு அதே கமாண்டை மறுபடி அடிங்க.

வர்ற அறிக்கையில மொத்த ஃப்ரேம், ஜாங்க்கி ஃப்ரேம் (நேரம் தவறினது), அப்புறம் 50, 90, 95, 99ஆவது பெர்சென்டைல் இருக்கும். எல்லாரும் 50ஐப் பார்த்து சந்தோஷப்படறாங்க. பார்க்கவேண்டியது 99. அதுல 40 மில்லி செகண்ட்னு இருந்தா நூத்துல ஒரு ஃப்ரேம் 40க்கு மேல. 120 ஹெர்ட்ஸ்ல நூறு ஃப்ரேம்ங்கறது ஒரு செகண்டுக்கும் கம்மி. ஆக ஏறக்குறைய செகண்டுக்கு ஒரு திக்கல். அலை சொல்ற "வழுக்கிட்டுப் போயி நடுவுல ஒரு திக்கு" இதேதான்.

கீழ ஸ்லோ யுஐ த்ரெட், ஸ்லோ பிட்மேப் அப்லோடுனு தனித்தனியா எண்ணிக்கை வரும். யுஐ த்ரெட் (ஆப்போட திரை வேலை ஓடுற தடம்) அதிகமா இருந்தா காரணம் ஆப்பும் சிபியுவும். பிட்மேப்னா பெரிய பெரிய படத்தை அப்படியே இறக்கற ஆப். ஃப்ளட்டர்ங்கற கருவியில எழுதின ஆப்பும் கேமும் இந்தக் கணக்குல வராது, அதுங்க தனிப் பரப்புல வரையுது. அங்க ஸ்லோமோஷன்தான் கதி.

#9 பாகூர்_ஏரி

கம்ப்யூட்டர் இல்லாதவங்க என்ன பண்றது தல?

#10 லாஸ்பேட்டை_கோடர்

அதே டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல ப்ரொஃபைல் ஹெச்டபிள்யூயுஐ ரெண்டரிங் இருக்கும், திரையில பட்டையா காட்டச் சொல்லுங்க. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு செங்குத்துக் கோடு. பச்சைக் கிடைக்கோடு 60 ஹெர்ட்ஸோட 16 மில்லி செகண்ட். 120க்கு அதுல பாதி உயரத்தை மனசுல வச்சுக்கோங்க. பட்டியலைத் தள்ளும்போது புல்லு மாதிரி குட்டையா இருந்து திடீர்னு ஒரு பனைமரம் முளைச்சா, அங்கதான் திக்கல். பார்த்து முடிச்சதும் ஆஃப் பண்ணிடுங்க.

#11 மஞ்சக்குப்பம்_607001

சரி, அளந்தாச்சு. 8 ஜிபி ராம், அதோட 8 ஜிபி எக்ஸ்ட்ரா ராம், எட்டு கோர். இது எல்லாம் இருந்தும் ஏன் ப்ரோ திக்கணும்? ஐபோன்ல வெறும் 4 ஜிபி.

#12 வில்லியனூர்_பெஞ்ச்

எக்ஸ்ட்ரா ராம்ங்கறது ராமே இல்லண்ணே. ஸ்டோரேஜ்ல ஒரு துண்டு. ராம்ல இடம் போதாதப்போ கொஞ்ச நாளா தொடாத பக்கங்களை அங்க தள்ளி வைக்கும். திரும்ப வேணும்னா ஸ்டோரேஜ்ல இருந்து இழுக்கணும், ராமுக்கு முன்னாடி அது நத்தை. 8 ஜிபி இருக்கறவங்க அதை ஆஃப் பண்ணிடலாம். ஆண்ட்ராய்டு ஏற்கெனவே ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கற இசட்ராம் வச்சிருக்கு. 4 ஜிபி போன்ல வேணும்னா 2 ஜிபி விட்டு வைங்க, அதுக்கு மேல வேணாம்.

பெஞ்சுக்கு "ஹேங் ஆகுது"ன்னு வர்ற போன்ல முதல்ல பார்க்கவேண்டியது ஸ்டோரேஜ். ரெண்டு விஷயம். ஒண்ணு, அது எந்த வகை, இஎம்எம்சியா யுஎஃப்எஸ்ஸா. இஎம்எம்சி ஒரு நேரத்துல ஒண்ணு படிக்கும் இல்ல எழுதும். 5.1 வகை படிக்கறதே செகண்டுக்கு 250, 300 எம்பி பக்கம்தான். யுஎஃப்எஸ்ல ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும், 3.1 வகை 2,000 எம்பி தொடும். வாட்ஸ்அப்ல வீடியோ இறங்கிட்டிருக்கும்போது நீங்க செய்தி ஆப்பைத் தள்ளினா, இஎம்எம்சி போன்ல ஆப் தன்னோட படத்தைப் படிக்க வரிசையில நிக்கும். அந்தக் காத்திருப்புதான் பனைமரம். ஒரே மாடல்ல 64 ஜிபிக்கு இஎம்எம்சி, 128க்கு யுஎஃப்எஸ்னு கொடுக்கற கம்பெனியும் இருக்கு. மாடல் பேரைப் பார்த்து வாங்கக் கூடாது, வேரியன்ட்டைப் பார்க்கணும்.

ரெண்டாவது, எவ்வளவு நிரம்பியிருக்கு. ஃபிளாஷ்ல பழையதை அழிக்காம அதே இடத்துல எழுத முடியாது. காலி இடம் இருந்தா பின்னாடி அமைதியா சுத்தம் பண்ணி வைக்கும். 95 சதவீதம் நிரம்பிடுச்சுன்னா எழுதும்போதே சுத்தம் பண்ணணும், எல்லாம் நிக்கும். 15, 20 சதவீதமாவது காலியா விடுங்க. வாட்ஸ்அப்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் போனா 5 எம்பிக்கு மேலானதும், பல தடவை ஃபார்வர்ட் ஆனதும் தனியா நிக்கும். காலை வணக்கம் ரோஜாப்பூ, வெள்ளிக்கிழமை அம்மன் வீடியோ, தேர்தல் பிரச்சாரம். அங்கேயே பாதி போன் மீண்டுடும்.

அழிச்சவுடனே வேகம் வராது. ராத்திரி சார்ஜ்ல போட்டு தொடாம விடுங்க, போன் சும்மா இருக்கும்போதுதான் ட்ரிம், அதாவது அந்தச் சுத்தம் பண்ற வேலை, ஓடும்.

#13 லாஸ்பேட்டை_கோடர்

எட்டு கோர் விஷயம். ஆப்போட திரை வேலை முக்கால்வாசி ஒரே த்ரெட்ல, யுஐ த்ரெட்ல நடக்குது. அது ஒரு நேரத்துல ஒரு கோர்லதான் ஓட முடியும். எட்டு பேர் இருந்தாலும் ஊசியில நூல் கோக்கறது ஒருத்தர்தான். அதனால அந்த ஒரு கோர் எவ்வளவு பலசாலிங்கறதுதான் கேள்வி.

ஹீலியோ ஜி35 சிப்ல எட்டும் ஏ53 வகைக் கோர். வரிசையா வந்த கட்டளையை வரிசையா மட்டுமே முடிக்கற சின்ன கோர். ஸ்னாப்டிராகன் 695ல ஏ78 வகைப் பெரிய கோர் ரெண்டு, மீதி ஆறு சின்னது. ரெண்டுமே பெட்டியில "ஆக்டா கோர்". ஐபோன் 13ல இருக்கற ஏ15 சிப்ல மொத்தமே ஆறுதான், பெருசு 2, சிறுசு 4. ஆனா அந்தப் பெரிய கோர் ஒண்ணு போதும் 16.67க்குள்ள வேலையை முடிச்சுட்டு மிச்ச நேரம் சும்மா உக்கார. வாங்கறவங்க சிப் பேரைத் தேடி, ஏ76, ஏ78 மாதிரி 7ல தொடங்கற கோர் ரெண்டாவது இருக்கான்னு மட்டும் பாருங்க. 5ல தொடங்கறது மட்டுமே இருந்தா 120 ஹெர்ட்ஸ் திரை வெறும் அலங்காரம்.

#14 நெல்லித்தோப்பு_ராம்

எல்லாத்தையும் ஹார்ட்வேர் தலையில போட்டாச்சு. ஓஎஸ்ல வித்தியாசமே இல்லையா? ஆண்ட்ராய்டு ஜாவா, கார்பேஜ் கலெக்ஷன் (வேண்டாத மெமரியை அள்ளறது), அதான் திக்குது. ஐஓஎஸ்ல அது கிடையாது. இதை ஒத்துக்க ஏன் இவ்வளவு தயக்கம்?

#15 லாஸ்பேட்டை_கோடர்

பத்து வருஷத்துக்கு முந்தின உண்மை அது. டால்விக் (பழைய ஆண்ட்ராய்டுல ஆப்பை ஓட்டின எஞ்சின்) காலத்துல குப்பை அள்ளும்போது ஆப்பையே நிறுத்தி வைக்கும், கண்ணுக்கே தெரியும். 2014ல 5.0ல அதுக்குப் பதிலா ஏஆர்டி வந்தது. 8.0ல இருந்து ஆப் ஓடிட்டிருக்கும்போதே பக்கத்துல அள்ளுது, நிறுத்தற நேரம் மிகச் சின்னது. ஐஓஎஸ் ஒவ்வொண்ணும் எத்தனை இடத்துல பயன்படுதுன்னு எண்ணிக்கை வச்சு, தேவை முடிஞ்ச மெமரியை உடனுக்குடன் விடுவிக்குது, ஒரே மூச்சா அள்ளற வேலை இல்ல. அந்த நன்மை நிஜம், ஆனா இன்னைக்கு திக்கலுக்கு முதல் குற்றவாளி அது இல்ல.

உண்மையான ஓஎஸ் வித்தியாசம் வேற. ஐஓஎஸ்ல ஆப் ஒரு அனிமேஷனை ஒப்படைச்சுட்டா அதை ஓட்டறது தனி ப்ராசஸ் (ஆப்புக்கு வெளியே ஓடுற வேற நிரல்). ஆப் நடுவுல மாட்டிக்கிட்டாலும் அனிமேஷன் ஓடி முடியும். ஆண்ட்ராய்டு 5.0ல ரெண்டர்த்ரெட்னு ஒண்ணைப் பிரிச்சாங்க, பட்டனைத் தொட்டா பரவற அந்த வட்ட அலை அதுலதான் ஓடுது. ஆனா பெரும்பாலான அனிமேஷன் இன்னும் யுஐ த்ரெட் கையிலதான். அதே சமயம், ஸ்க்ரோல் பண்ணும்போது புது வரி செய்யற வேலை ரெண்டு ஓஎஸ்லயும் ஆப்போட முதன்மை த்ரெட்லதான். மோசமா எழுதின ஆப் ஐபோன்லயும் திக்கும். வெப் பக்கத்தை உறை போட்டு வித்த ஆப்புகளை ரெண்டுலயும் திறந்து பாருங்க, ரெண்டும் ஒரே லட்சணம்.

#16 நெல்லித்தோப்பு_ராம்

சரி, கார்பேஜ் கலெக்ஷனை வாபஸ் வாங்கிக்கறேன். தனி ப்ராசஸை விட மாட்டேன்.

#17 திருப்பாதிரிப்புலியூர்_எழுத்து

அலை சொல்வது செய்தி ஆப் என்பதால் ஒன்று. ஆங்கிலச் செய்தியில் சீராக ஓடி, தமிழ்ச் செய்தியில் மட்டும் திக்கினால் எழுத்தைச் சந்தேகப்படுங்கள்.

"கொ" என்று எழுதுங்கள். கோப்பில் க, அதன்பின் ஒகரக் குறி, இரண்டே குறியீடு. திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். ஒரு குறியைப் பிளந்து, பாதியை எழுத்தைத் தாண்டி முன்னே கொண்டுபோய் வைக்கும் வேலை இப்படிப்பட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் நடக்கிறது. ஆண்ட்ராய்டில் ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் இதைச் செய்கிறது. செய்த சொல்லை ஆண்ட்ராய்டு கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் முதல் முறை கீழே தள்ளும்போது வரும் திக்கல், மேலே போய் மறுபடி இறங்கும்போது குறைகிறது. நம் சொற்களும் நீளம், வேற்றுமை ஒட்டி ஒட்டி ஒவ்வொன்றும் புதுச் சொல்லாக வருவதால் நினைவில் வைத்தது அடிக்கடி உதவாது.

மிகைப்படுத்தவில்லை. பலமான கோர் உள்ள போனில் இது தூசு. ஒரு பெரிய படத்தை விரிக்கும் செலவு இதைவிடப் பன்மடங்கு. எட்டும் சின்னக் கோர் உள்ள போனில், நீண்ட கட்டுரையை ஒரே பெட்டியில் கொட்டும் ஆப்பில்தான் உறைக்கும். சோதிக்க எளிது: படங்களை ஆஃப் செய்ய வழி இருந்தால் செய்துவிட்டு, ஒரே ஆப்பில் இரு மொழியிலும் ஜிஎஃப்எக்ஸ்இன்ஃபோவின் 99ஐ ஒப்பிடுங்கள்.

#18 ஓல்டு_டவுன்_உப்புக்காத்து

யாரும் வெயிலைப் பத்தி பேசலையே. மே முதல் வாரம் கத்திரி தொடங்கிட்டா இங்க எந்த ஓஎஸ்ஸும் ஜெயிக்காது. ஆப்பிளே ஐபோனுக்கு 0 முதல் 35 டிகிரி வரைதான் பயன்பாட்டு வெப்பநிலைன்னு எழுதி வச்சிருக்கு. நம்ம ஊர்ல மதியம் நிழலே அதைத் தாண்டிடுது. சில்வர் பீச்சுல, பாண்டி பீச் ரோட்டுல வெயில்ல வீடியோ எடுத்தா திரை முழு பிரைட்னஸ், கேமரா, நெட் மூணும் சேர்ந்து சுடும். முதல்ல பிரைட்னஸ் தானா இறங்கும், அடுத்து சிபியு வேகம் இறங்கும், சில போன்ல 120 சத்தமில்லாம 60 ஆகும். பைக் ஹேண்டில்ல மேப் போட்டு மாட்டி, பவர் பேங்க்ல சார்ஜும் ஏத்தினா இன்னும் சீக்கிரம்.

அதனால ஏசி ஷோரூம்ல 5 நிமிஷம் தள்ளிப் பார்த்து எழுதற ரிவ்யூவை நம்பாதீங்க. 20 நிமிஷம் வீடியோ எடுத்துட்டு, அப்புறம் அதே ஸ்க்ரோல் டெஸ்ட் போடுங்க. ஏடிபி இருந்தா டம்ப்சிஸ் பேட்டரில டெம்பரேச்சர் 412ன்னு வரும், 41.2 டிகிரின்னு அர்த்தம். டம்ப்சிஸ் தெர்மல்சர்வீஸ்ல ஸ்டேட்டஸ் 0ன்னா நிம்மதி, 3ன்னா கடுமை, 6ன்னா போன் தானே அணையப்போகுது.

சூடாயிடுச்சுன்னா கவரைக் கழட்டி ஃபேன் அடியில வைங்க. ஃபிரிட்ஜுல வைக்காதீங்க. நம்ம கடற்கரைக் காத்துல ஈரம் அதிகம், குளிர்ந்த போனை வெளியே எடுத்தா சொம்புத் தண்ணி மாதிரி வியர்க்கும். அது உள்ளேயும் வியர்க்கும்.

#19 பாகூர்_ஏரி

அப்டேட் போட்டதும் மந்தமாகுதுன்னு சொல்றாங்களே, வேணும்னே பண்றாங்களா?

#20 லாஸ்பேட்டை_கோடர்

பெரிய அப்டேட் வந்தா ஆண்ட்ராய்டு பல ஆப்புகளோட கோடை மறுபடி மெஷின் மொழிக்கு மாத்தணும். 7.0ல இருந்து நீங்க எந்தப் பகுதியை அதிகம் பயன்படுத்தறீங்களோ அதைக் குறிச்சு வச்சு, போன் சும்மாவும் சார்ஜ்லயும் இருக்கும்போது மட்டும் மாத்தும். ரெண்டு ராத்திரி சார்ஜ்ல தொடாம விடுங்க. அவசரம்னா ஏடிபி ஷெல் பிஎம் பிஜி-டெக்ஸாப்ட்-ஜாப், போன் சூடாகும், நேரம் எடுக்கும். ஐஓஎஸ்லயும் அப்டேட்டுக்கு அப்புறம் தேடல் அட்டவணை, போட்டோ அலசல் எல்லாம் பின்னாடி ஓடும்.

கூடவே, ரீசன்ட்ஸ்ல எல்லா ஆப்பையும் தள்ளித் தள்ளி மூடற பழக்கத்தை விடுங்க. உறைஞ்சு நிக்கற ஆப்பைக் கொன்னுட்டு அடுத்த தடவை முதல்ல இருந்து எழுப்பறீங்க.

#21 வில்லியனூர்_பெஞ்ச்

அப்டேட்டால வேகம் குறைச்ச கதை ஐபோன்ல நிஜமா நடந்தது. 2017 ஜனவரியில வந்த ஐஓஎஸ் 10.2.1ல, பேட்டரி தேய்ஞ்ச போன் திடீர்னு அணையாம இருக்க சிபியு வேகத்தை இறக்கினாங்க. அந்த வருஷக் கடைசியிலதான் ஒத்துக்கிட்டாங்க. 2018ல 11.3ல பேட்டரி ஹெல்த் பக்கம் வந்தது. ஐபோன் 14 வரைக்கும் 500 சார்ஜ் சுற்றுக்கு அப்புறமும் பேட்டரி கொள்ளளவுல 80 சதவீதம் தாங்கற மாதிரி வடிவமைப்பு, 15ல இருந்து 1,000 சுற்று. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தையோ ஆன்லைனோ, பழைய ஐபோன் வாங்கறவங்க அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காம காசை எடுக்காதீங்க. 80க்குக் கீழன்னா பேட்டரி செலவையும் சேர்த்து விலை பேசுங்க. சதவீதமே காட்டாம அறியாத பாகம்னு வந்தா, பேட்டரி ஏற்கெனவே வெளியே மாத்தினதுன்னு எடுத்துக்கோங்க.

ப்ரோ ஐபோன் வச்சிருக்கறவங்க ஒண்ணு கவனிங்க, லோ பவர் மோட் மஞ்சளா இருந்தா 120 கிடையாது, 60தான். பெரும்பாலான ஆண்ட்ராய்டு பேட்டரி சேவரும் அப்படித்தான்.

#22 தாழங்குடா_அலை

பட்டியல் கையில இருக்கு: சிப், ஸ்டோரேஜ் வகை, காலி இடம், எக்ஸ்ட்ரா ராம் ஆஃப், 99ஆவது எண், சூட்டுக்கு அப்புறம் மறு டெஸ்ட். கடைசியா ஒரே சந்தேகம். அந்த ஆண்ட்ராய்டு சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் ஸ்க்ரோல் நடுங்குது. விரல் நிக்குது, பட்டியல் மேலயும் கீழயும் துடிக்குது. சூடும் இல்ல, பட்டையெல்லாம் குட்டையாதான் இருக்கு.

#23 வில்லியனூர்_பெஞ்ச்

பட்டை குட்டைன்னா ஓஎஸ் நிரபராதி. அது டச். மலிவு சார்ஜர்ல இருந்து வர்ற மின்னிரைச்சல் திரையோட தொடு உணரியில ஏறி, விரல் இருக்கற இடத்தைத் தப்பா காட்டுது. ரெண்டு பின் சார்ஜருக்கு எர்த்தும் கிடையாது. டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல பாயின்டர் லொகேஷன் ஆன் பண்ணி, விரலை அசைக்காம ஒரே இடத்துல வைங்க. கோடு புள்ளியா நிக்காம கிறுக்கல் போட்டா சார்ஜர்தான். பிளக்கைப் பிடுங்கினதும் கிறுக்கல் நிக்கும். ஈரக் கையும் இதைக் கூட்டும், துடைச்சுட்டு ஒரு தடவை பாருங்க. அப்புறம் பெட்டியோட வந்த சார்ஜரை மாட்டிப் பாருங்க, அதுலயும் வந்தா கேபிளை மாத்துங்க.